பூட்டிக் கெடக்குற கேர் ஹோமுக்குள்ள போய்ப் பாத்தவங்க யாராச்சும் இருக்கீங்களா?

ஷிப்ட்டு_முடிஞ்சுது:

வணக்கம் மக்களே. இங்கிலாந்துல லீட்ஸ் பக்கத்துல ஒரு சின்ன டவுன்ல இருக்கேன், கேர் அசிஸ்டென்ட் வேலை. வேலைக்குப் போற பஸ் ரூட்ல ஒரு கேர் ஹோம் (வயசானவங்களைத் தங்க வச்சுப் பாத்துக்குற எடம்) மூடிக் கெடக்கு, நான் இந்த ஊருக்கு வர்றதுக்கு முன்னாடியே மூடிட்டாங்களாம். செங்கல் கட்டடம், கீழ ஒரு தளம் மேல ஒரு தளம், தட்டைக் கூரை, ஜன்னல் பூரா ப்ளைவுட் அடிச்சிருக்கு, கார் பார்க்ல இடுப்பு ஒசரத்துக்குப் புல்லு. ஹோம் பேரை மட்டும் பெயின்ட் அடிச்சு மறைச்சுட்டாங்க, அதுக்குக் கீழ விசிட்டர்ஸ் எல்லாம் ரிசப்ஷன்ல கையெழுத்துப் போடணும்னு எழுதுனது அப்படியே இருக்கு. பின்னாடி கிச்சனுக்கு சாமான் எறக்குற கதவுல அடிச்சிருந்த பலகையை எவனோ பேத்துட்டான், ஆள் தாராளமா நுழையலாம்.

இப்ப எதுக்கு இதைக் கேக்குறேன்னா, போன வாரம் யூடியூப்ல சும்மா மேஞ்சுட்டு இருக்கும்போது இதே கட்டடத்தோட வீடியோ வந்துச்சு, ராத்திரி டார்ச் அடிச்சுக்கிட்டு ரெண்டு பசங்க உள்ள போறானுங்க, பின்னாடி திகில் மியூசிக் வேற. பாத்ரூம்ல பாத் ஹாய்ஸ்ட்டோட சீட் இருக்கு, அதைப் பாத்து இதுல கட்டி வச்சு என்னென்ன கொடுமை பண்ணாங்களோன்னு பேசுறான். டேய் அது தொட்டிக்குள்ள ஆளை எறக்குற சீட்டுடா, பெல்ட் போடலைன்னாதான் கொடுமை. ஸ்லூஸ் ரூம்ல (கழிவை அப்புறப்படுத்துற ரூம்) அட்டை பெட்பேன் போட்டு அரைக்கிற மெஷினைப் பாத்துட்டு ஏதோ ரகசிய லேப்ங்கறான். கடைசியா ஒரு ரூம்ல கட்டில் மேல கொழந்த பொம்மை ஒண்ணு போர்வை போத்திக் கெடக்கு, அதைப் பாத்து ரெண்டு பேரும் கத்திக்கிட்டு ஓடுறானுங்க, வீடியோ அதோட முடிஞ்சுது. லட்சக்கணக்குல வியூஸ்.

எனக்குக் கடுப்பாயிடுச்சு. அங்க எனக்குத் தெரியாத சாமான் ஒண்ணுகூட இல்ல. பகல் வெளிச்சத்துல உள்ள போய் நிதானமா போட்டோ எடுத்து இது இதுக்கு, அது அதுக்குன்னு எழுதிப் போடணும்னு தோணுது. ஆனா நான் ஸ்பான்சர் விசால (வேலை குடுக்குற கம்பெனியை நம்பி வர்ற விசா) இருக்கேன், சட்டப்படி சிக்கலா? உள்ள என்னென்ன ஆபத்து? அதவிட எனக்கு மண்டையக் குடையுறது, ஏன் இப்படி எல்லாத்தையும் போட்டது போட்டபடி விட்டுட்டுப் போறாங்க? கட்டில், சேர், வாக்கிங் ஃப்ரேம், ஒரு பியானோ கூட இருக்கு. வித்துருக்கலாமே? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

துருப்பிடிச்ச_ட்ரைபாட்:

ப்ரோ நான் பாழடைஞ்ச கட்டடமாத் தேடிப் போய் போட்டோ எடுக்குறவன், மில், ஸ்கூல், ஹாஸ்பிடல், கேர் ஹோமும் பாத்திருக்கேன், அதனால தெரிஞ்சதைச் சொல்றேன்.

இங்கிலாந்து, வேல்ஸ்ல அடுத்தவன் எடத்துக்குள்ள சும்மா நுழையுறது மட்டும் பொதுவா கிரிமினல் குத்தம் இல்ல, சிவில் மேட்டர். ஓனரோ செக்யூரிட்டியோ போன்னு சொன்னா போயிடணும், அவ்வளவுதான். ஆனா நீ பலகையைப் பேத்தா அது 1971 கிரிமினல் டேமேஜ் சட்டம். உள்ளயிருந்து ஒரு டீஸ்பூன் எடுத்துட்டு வந்தாலும் 1968 தெஃப்ட் ஆக்ட்ல பர்க்ளரி வரைக்கும் இழுக்கலாம். பையில க்ரோபார், ஸ்க்ரூடிரைவர் வச்சிருந்தா திருடத் தயாராப் போனான்னு அதுக்குத் தனியா ஒரு செக்‌ஷன் இருக்கு. எவனோ பேத்து வச்ச கதவு வழியா நீ போனாலும், போலீஸ் வந்து நிக்கும்போது பேத்தது நீ இல்லைன்னு அங்க யார் சாட்சி சொல்றது?

ஆபத்துன்னா மொதல்ல ஆஸ்பெஸ்டாஸ். வெள்ளை ஆஸ்பெஸ்டாஸை இங்க 1999லதான் தடை பண்ணாங்க, அதுக்கு முன்னாடி கட்டினது எதுலயும் இருக்கலாம். நீ சொல்ற தட்டைக் கூரை செங்கல் கட்டடம் அறுபது எழுபதுல கவுன்சில் (உள்ளூர் நிர்வாகம்) கட்டின மாடல் மாதிரி தெரியுது, அதுல சீலிங் போர்டு, பாய்லர் பைப்பைச் சுத்தின லேகிங், பழைய ஃபயர் டோர் உள்பக்கம், தரை டைல்னு எங்க வேணா இருக்கும். முழுசா இருக்குற வரைக்கும் ஒண்ணும் பண்ணாது, ஆனா நமக்கு முன்னாடி செம்பு திருடுறவனுங்க போயிருப்பானுங்க, பைப்பையும் வயரையும் உருவுறதுக்கு சீலிங்கைக் கிழிச்சுப் போட்டிருப்பானுங்க, அந்தத் தூசிதான் எமன். வேலையில குடுக்குற சர்ஜிகல் மாஸ்க்கைப் போட்டுட்டுப் போயிடாதே, அது இதுக்கு எதுக்கும் உதவாது, எஃப்எஃப்பி3ன்னு நுண்தூசியைத் தடுக்குற மாஸ்க் வேணும், அதுவும் தாடி வச்சிருந்தா சரியா ஒட்டாது.

அடுத்தது கூரை. தட்டைக் கூரைல ஃபெல்ட் கிழிஞ்சா தண்ணி வருஷக்கணக்கா ஒரே எடத்துல எறங்கும், மேல் தளத்துல மரத்தரையா இருந்தா கார்ப்பெட்டுக்கு அடியில ஒண்ணுமே இருக்காது, பாத்தாத் தெரியாது. லிஃப்ட் கதவு தொறந்திருந்தா கிட்டப் போகாத.

கேர் ஹோமுக்குன்னே ஒரு தனி வில்லங்கம் இருக்கு, உனக்கே தெரிஞ்சிருக்கும். ஜன்னல் ஒண்ணும் 100 மில்லிமீட்டருக்கு மேல தொறக்காது, பெரியவங்க விழுந்துடக் கூடாதுன்னு ரெஸ்ட்ரிக்டர் போட்டிருப்பாங்க. கதவு எல்லாம் ஃபயர் டோர், க்ளோசர் வச்சது, நீ உள்ள போனதும் பின்னாடி தானா சாத்திக்கும். நம்பர் அழுத்துற லாக் மேக்னெட்ல ஓடுறதா இருந்தா கரண்ட் இல்லாம விட்டுரும், மெக்கானிக்கல் பட்டன் டைப்பா இருந்தா விடாது. ஆக மொத்தம் ஞாபகமறதி உள்ளவங்க வெளிய போயிடக் கூடாதுன்னே யோசிச்சுக் கட்டின எடம், நீ மட்டும் ஈசியா வெளிய வந்துருவியா? தனியாப் போகவே போகாத.

லொக்கேஷனை எங்கயும் போடாத, அது எழுதாத சட்டம். போட்ட அடுத்த வாரம் எவனாவது தீ வச்சிருப்பான்.

ஈரோடு_எக்ஸ்பிரஸ்:

பேய் இருக்கா இல்லையா அதைச் சொல்லுங்க முதல்ல 😄

பட்டர்_பன்:

நான் சொல்றது கசக்கும், பரவாயில்ல. அண்ணன் சொன்ன மாதிரி டிரெஸ்பாஸ் சிவில் மேட்டர்தான், ஆனா நீங்க செய்யுறது கேர் வேலை. என்ஹான்ஸ்டு டி.பி.எஸ், அதாவது குற்றப் பின்னணி செக், எடுத்துத்தான் உள்ள விட்டிருப்பாங்க. எவனாவது பக்கத்து வீட்டுக்காரன் டார்ச் வெளிச்சம் பாத்து போன் பண்ணி, போலீஸ் பர்க்ளரி சந்தேகத்துல கூட்டிட்டுப் போய், அங்க நீங்க பயத்துல ஒரு காஷன் (குத்தத்தை ஒத்துக்கிட்டா போலீஸ் பதிவு பண்ற எச்சரிக்கை) வாங்கிட்டு வந்தா அது டி.பி.எஸ்ல வர வாய்ப்பு இருக்கு, நாளைக்கு சிட்டிசன்ஷிப் போடும்போது நன்னடத்தைன்னு ஒரு பகுதி இருக்கே, அங்கயும் அதைக் காட்டித்தான் ஆகணும்.

2022 பிப்ரவரில கேர் வொர்க்கருக்கு விசாவைத் தொறந்து விட்டாங்க, 2024 மார்ச்ல குடும்பத்தைக் கூட்டிட்டு வரக் கூடாதுன்னாங்க, 2025 ஜூலை 22 ஓட வெளிநாட்டுலருந்து புதுசா எடுக்குறதையே நிறுத்திட்டாங்க. ஸ்பான்சர் போனா பொதுவா 60 நாள்ல வேற ஆளைப் பிடிக்கணும், எத்தனை பேர் அப்படித் தெருவுல நிக்கிறாங்கன்னு உங்களுக்கே தெரியும். இந்த நேரத்துல ஒரு போட்டோவுக்காக இதெல்லாம் தேவையா? யூடியூப்காரனுக்கு இது எதுவும் இல்ல, அவன் இந்த ஊர்க்காரன், ஓடிப் போயிருவான்.

தேத்தண்ணி:

தம்பி, நான் 2003ல இருந்து இஞ்சை லண்டன்ல கெயார் ஹோம் வேலைதான், கெயாரரா தொடங்கி இப்ப டெபுடி மனேஜர். ஒரு ஹோம் மூடேக்க கடைசி நாள் மட்டும் நிண்டனான், அதால உங்கட மூண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்லலாம், மற்றதெல்லாம் அந்தத் தம்பிமார் வடிவாச் சொல்லிப்போட்டினம்.

முதல் அந்தப் பொம்மை. அது டிமென்ஷியா ஆக்களுக்குக் குடுக்கிறது. சில அம்மாமாருக்குக் கையில ஒரு பிள்ளை இருந்தால்தான் மனம் ஆறும், அதுக்கு உடுப்பு மாத்துவினம், நித்திரையாக்குவினம், நாங்கள் றூமுக்குள்ள போகேக்க சத்தம் போடாதை பிள்ளை எழும்பிடும் எண்டு எங்களைப் பேசுவினம். எங்கட ஹோம்ல ஒரு ஆச்சி தன்ர சாப்பாட்டில பாதியைப் பொம்மைக்குத் தீத்திப்போட்டுத்தான் தான் சாப்பிடுவா, அதால கிச்சின்ல கொஞ்சம் கூடப் போட்டுத்தான் அனுப்பிறது. போர்வை போத்தி வைச்சிருந்தது எண்டால் அதை ஆரோ நித்திரையாக்கிப்போட்டுத்தான் போயிருக்கினம், இல்லாட்டி உந்தப் பெடியள் வீடியோவுக்கெண்டு வைச்சிருப்பாங்கள். உப்பிடி இடங்களில சாமானை மாத்தி அடுக்கிப் படம் எடுக்கிறதும் நடக்கிறதுதானே.

அதே மாதிரி சில டிமென்ஷியா ஹோம்ல கொறிடோருக்குள்ளயோ காடினுக்குள்ளயோ ஒரு பஸ் ஸ்டொப் போர்டும் இருக்கிறதுக்கு வாங்கும் (பெஞ்ச்) கிடக்கும், பஸ் ஒண்டும் வராது. ஜேர்மனியில தொடங்கின பழக்கம் அது. வீட்டை போகவேணும் எண்டு அந்தரப்படுற ஆளை அதில கொண்டுபோய் இருத்திக் கொஞ்சநேரம் கதைச்சால் அந்த அவசரம் தணியும். சரியோ பிழையோ எண்டு அதுக்கும் சண்டை இருக்கு, பொய் சொல்லி ஏமாத்திறது எண்டு சொல்லுற ஆக்களும் இருக்கினம், என்னைக் கேட்டால் பின்னேரம் நாலு மணிக்கு அழுது கொண்டு கதவை இழுக்கிற மனுசிக்கு முன்னால நிண்டு பாத்திட்டு வந்து கதைக்கட்டும். அறை வாசல்ல கண்ணாடிப் பெட்டி கிடந்தால் அது மெமரி பொக்ஸ், தன்ர கலியாணப் படம், பழைய தொப்பி, நாயின்ர படம் ஏதும் வைக்கிறது, தன்ர அறை எது எண்டு அடையாளம் பிடிக்க. போகேக்க குடும்பம் படத்தை எடுத்துக்கொண்டு போகும், பெட்டி சுவரோட நிக்கும்.

உந்த வீடியோக்காரர் எல்லாரும் தவறாமல் எடுக்கிற இன்னொண்டு, இண்டைக்கு என்ன கிழமை, வெளியில வெயிலோ மழையோ, மத்தியானம் என்ன சாப்பாடு எண்டு எழுதிற போட். அந்த நாளோட காலம் நிண்டு போச்சு எண்டு ஒரு வசனம் வேற. தம்பி, ஆக்கள் இருக்கிற ஹோம்லயே அந்த போட் பாதி நாள் பிழையாத்தான் கிடக்கும், ஆருக்கு நேரம்? அதைப் பாத்து எப்ப மூடினது எண்டு முடிவெடுக்காதைங்கோ.

இப்ப சாமான் விசயம். ஹோம் மூடுறது ஒரு நாளில நடக்கிறதில்லை. நோட்டிஸ் குடுத்த உடன வடிவாக் கேட்டுப் பாக்கிற பிள்ளையள் இருக்கிற ஆக்கள் முதல் கிழமையே நல்ல இடமாப் பாத்துப் போயிடுவினம். பிறகு சோசல் வொர்க்கர் வந்து மற்ற ஆக்களை ஒவ்வொண்டா அசெஸ் பண்ணி அனுப்புவினம். ஸ்டாஃபும் வேற வேலை கிடைக்க வெளிக்கிட்டிடும், ஏஜென்சிப் பிள்ளையள் வரும், அதுகளுக்கு ஆர் சீனி போட்டுக் குடிக்கிறது ஆர் போடாமல் எண்டு தெரியாது. கடைசியில ஒருத்தரும் இல்லாத ஆக்கள்தான் மிஞ்சுவினம். நாங்கள் கடைசியா மூண்டு பேரை வைச்சிருந்தனாங்கள், நாப்பது பேர் இருந்து சாப்பிட்ட டைனிங் றூமில மூண்டு பேர், ஒரே பொய்லர் எண்டதால முழுக்கட்டிடத்துக்கும் ஹீற்றிங் எரியுது. அவை போன அண்டைக்கு எங்களுக்கும் வேலை முடிஞ்சுது. பிறகு ஆர் இருந்து சாமான் அடுக்கிறது?

விக்கலாமே எண்டு கேட்டீங்கள். ஹொயிஸ்ட் எண்டால் ஆளைத் தூக்கிற சாமான், ஆறு மாதத்துக்கு ஒருக்கா லோலர் எண்ட பாதுகாப்பு விதிப்படி செக் பண்ணி ஸ்டிக்கர் ஒட்ட வேணும், அந்தத் திகதி போனால் ஒருத்தரும் தொடமாட்டினம். மெத்தை ஆரும் எடுக்க மாட்டினம், ஏனெண்டு உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கதிரைக்கு ஃபயர் லேபிள் இல்லாட்டி சரிட்டிக் கடை வாங்காது, எங்கட கதிரையில லேபிள் எல்லாம் கழுவித் தேய்ச்சு அழிஞ்சு போயிருக்கும். வோக்கிங் ஃப்ரேம் பாதி லோனுக்கு வந்தது, எது ஆரின்ர எண்டு தெரியாமல் ஒரு மூலையில சேரும். பியானோ சும்மா குடுத்தாலும் ஏத்திக்கொண்டு போற வான் காசுக்கு ஆள் இல்லை, நான் வேலை செய்த எல்லா ஹோம்லயும் ஒரு பியானோ கிடந்தது, சுருதி சேர்ந்த பியானோ ஒண்டும் நான் காணேல்லை. மருந்து மட்டும்தான் கணக்குப் பாத்து அனுப்பிறது.

கடைசியா ஒண்டு, இதை மட்டும் மறக்காதைங்கோ. பேப்பர் கண்டால் படம் எடுக்க வேண்டாம். கெயார் பிளான், மருந்து சாட், மூச்சு நிண்டால் திருப்பிக் கொண்டு வர வேண்டாம் எண்டு டொக்டர் கையெழுத்துப் போட்ட ஃபோர்ம், எல்லாம் எடுத்துக்கொண்டு போய்ப் பாதுகாப்பா வைக்க வேண்டியது, ஆனா விட்டிட்டுப் போற ஆக்களும் இருக்கினம். அது ஒரு மனிசனின்ர உடம்பைப் பற்றி எழுதினது, செத்திருந்தாலும் பிள்ளையள் இருக்கும். கண்டால் தகவல் பாதுகாப்பைப் பாக்கிற ஐ.சி.ஓக்குச் சொல்லுங்கோ. கதவில பேர் ஒட்டியிருந்தாலும் மறைச்சுத்தான் போடவேணும்.

ஈரோடு_எக்ஸ்பிரஸ்:

அக்கா சத்தியமா பேய் கேள்வியை வாபஸ் வாங்குறேன். சாப்பாட்டுல பாதி பொம்மைக்கு, இதைப் படிச்சுட்டு ஒரு மாதிரி ஆயிடுச்சு.

கல்லாப்பெட்டி:

சாமானை ஏன் விட்டாங்கன்னு அக்கா சொல்லிட்டாங்க. ஹோமையே ஏன் விடுறாங்கன்னு நான் சொல்றேன், அக்கவுன்ட்ஸ்ல இருக்கேன், இந்தத் துறையோட கணக்கு எனக்கு ஒரு பொழுதுபோக்கு (ஆமா எனக்கு வேற வேலை இல்ல).

1948ல நேஷனல் அசிஸ்டன்ஸ் ஆக்ட் வந்துச்சு, வயசானவங்களுக்கு தங்குற எடம் குடுக்குறது கவுன்சிலோட கடமைன்னு ஆச்சு. அதுக்கு முன்னாடி கதியத்தவங்க வொர்க்ஹவுஸ்லதான் (ஏழைகளைத் தங்க வச்சு வேலை வாங்குன எடம்). சட்டம் வந்தப்புறமும் ரொம்ப வருஷம் அதே வொர்க்ஹவுஸ் கட்டடத்துலயே போர்டை மாத்தி ஓட்டுனாங்க, அப்புறம்தான் அறுபது எழுபதுகள்ல உங்க பஸ் ரூட்ல இருக்குறது மாதிரி கட்டடங்கள் நெறைய வந்துச்சு. சின்னச் சின்ன ரூம், உள்ள ஒரு வாஷ்பேசின், டாய்லெட் காரிடார் கோடியில. 2002ல வந்த தரக்கட்டுப்பாட்டுல புதுசா கட்டுற ஹோம்னா ரூம் 12 சதுர மீட்டர், ரூமோட டாய்லெட் இருக்கணும்னாங்க. பழசுக்கு அந்தளவு கெடுபிடி இல்லைன்னாலும் குடும்பத்துக்காரங்க ரெண்டையும் போய்ப் பாத்துட்டு எதைத் தேர்ந்தெடுப்பாங்க? பழசை இடிச்சுப் பெருசாக்குற செலவுக்கு கவுன்சில்கிட்ட காசு இல்ல, நெலத்தோட வெலையோ ஏறிக்கிட்டே போகுது. மூடிட்டு வித்துடலாம்னு தோணாம என்ன செய்யும்?

பிரைவேட் கதை வேற. சதர்ன் கிராஸ்னு ஒரு கம்பெனி, நாட்டுலயே பெருசு, 2011ல விழுந்தப்ப சுமார் 750 ஹோம், 31,000 பேர் அதுல இருந்தாங்க. கட்டடத்தை எல்லாம் வித்துக் காசாக்கிட்டு அதே கட்டடத்துல வாடகைக்கு உக்காந்தாங்க, வாடகை வருஷா வருஷம் ஏறுற மாதிரி அக்ரிமென்ட். அந்தப் பக்கம் கவுன்சில்கள் செலவைக் கொறைச்சு ஆள் அனுப்புறதைக் கொறைச்சதும் கட்டில் காலி, வாடகை மட்டும் ஏறிக்கிட்டே இருக்கு. அவ்வளவுதான், ஆட்டம் குளோஸ். பெரும்பாலான ஹோம் வேற கம்பெனி கைக்கும் கட்டட ஓனர்கள் கைக்கும் போயி ஓடுச்சு. 2019 ஏப்ரல்ல ஃபோர் சீசன்ஸ் இதே மாதிரி கடன்ல அட்மினிஸ்ட்ரேஷனுக்குப் (திவால் நடவடிக்கை) போச்சு. கம்பெனி விழுந்தா பெரியவங்களைத் தெருவுல விட முடியாது, 2014 கேர் ஆக்ட்படி அந்த ஏரியா கவுன்சில் தற்காலிகமா பொறுப்பெடுக்கணும், அந்த ஒண்ணுதான் உருப்படியான மாத்தம். அதுக்கு மேல கொரோனா. இங்கிலாந்து, வேல்ஸ்ல மட்டும் 2022 ஜனவரி வரைக்கும் கேர் ஹோம்ல இருந்தவங்கள்ல 45,000 பேருக்கு மேல கொரோனாவுல போயிட்டாங்க. காலியான கட்டில் எல்லாம் அவ்வளவு சீக்கிரம் ரொம்பல.

இப்ப தம்பிக்கு ஒரு யோசனை. உள்ள போகாமயே உங்க ஹோமோட ஜாதகத்தை எடுக்கலாம். கேர் ஹோம்களைச் சோதிக்கிற சி.க்யூ.சி வெப்சைட்ல மூடின ஹோமோட இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டும் கெடைக்கும், யாரு நடத்துனா, எதுல ஃபெயில் ஆச்சு எல்லாம் இருக்கும். கம்பெனி பேர் கெடைச்சா கம்பெனீஸ் ஹவுஸ்ல கணக்கை ஓசியிலயே பாக்கலாம். லேண்ட் ரெஜிஸ்ட்ரில 7 பவுண்டு கட்டினா இப்ப ஓனர் யாருன்னு வந்துரும். எல்லாத்தையும் விட முக்கியம் கட்டட அனுமதி அப்ளிகேஷன் எல்லாம் இருக்குற கவுன்சிலோட பிளானிங் போர்ட்டல், அந்த அட்ரஸைப் போட்டுத் தேடுங்க. இடிக்க அப்ளிகேஷன் போட்டிருந்தா ஃப்ளோர் பிளான், வவ்வால் சர்வே எல்லாம் பிடிஎஃபா கெடக்கும், சர்வே எடுத்தவன் உள்ள போய் எடுத்த போட்டோவோட.

பட்டர்_பன்:

வவ்வால் சர்வேயா? 😂

கல்லாப்பெட்டி:

சிரிக்காதீங்க. 1981 வைல்ட்லைஃப் ஆக்ட்ல வவ்வாலைத் தொந்தரவு பண்றதே குத்தம், அது தங்குற எடத்தைக் கலைக்கணும்னா நேச்சுரல் இங்கிலாந்துகிட்ட லைசென்ஸ் வாங்கணும். பாழடைஞ்ச கட்டடம் இடிக்காம நிக்கிறதுக்குப் பல எடத்துல அதுதான் காரணம்.

சாவி_கையில்:

சட்டப்படியே மூடின கேர் ஹோம்ல குடியிருந்த ஆள் நான், யாரும் இதைச் சொல்லலையே. ப்ராப்பர்ட்டி கார்டியன்னு ஒண்ணு இருக்கு. காலிக் கட்டடத்தை எவனும் வந்து பிடிச்சுக்கக் கூடாதுன்னு ஓனர் ஒரு ஏஜென்சிகிட்ட விடுவார், அவங்க நம்ம மாதிரி ஆளுங்களைக் கம்மிக் காசுக்குக் குடி வைப்பாங்க. டெனன்சி (வாடகைக்காரர் உரிமை) கெடையாது, தங்குறதுக்கு லைசென்ஸ்தான், நாலு வாரம் நோட்டீஸ்ல கெளப்பி விட்டுருவாங்க, கொழந்தைங்க கூடாது, பார்ட்டி கூடாது. லண்டன்ல அந்த வாடகைக்கு வேற எங்க கெடைக்கும்னு போயிட்டேன்.

எனக்குக் குடுத்தது முன்னாடி மேனேஜர் ஆபீஸா இருந்த ரூம், சுவத்துல சாவி மாட்டுற கொக்கி வரிசையா இருக்கும், ஒவ்வொண்ணுக்கும் கீழ நம்பர். கிச்சன் கல்யாண மண்டபத்துக் கிச்சன் மாதிரி, அதுல நான் ஒரு மேகி போட்டுட்டு நிப்பேன். காரிடார் ரெண்டு பக்கமும் கைப்பிடி ஓடும், மொதல்ல கண்டுக்கவே இல்ல, அப்புறம் பாத்தா எல்லாரும் ராத்திரி பாத்ரூம் போகும்போது அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நடக்குறோம். ஆனா கால் பெல் சிஸ்டத்தை மட்டும் யாரும் கழட்டல. புதுசா குடி வந்தவன் எவனும் பாத்ரூம்ல லைட் கயிறுன்னு நெனச்சு அந்தச் செவப்புக் கயித்தை இழுத்துருவான், முக்கோணப் பிடி தொங்குமே அதை, உடனே காரிடார் பேனல்ல ரூம் நம்பர் எரிஞ்சு பீப் பீப்னு அடிக்கும், ஆஃப் பண்ற பட்டன் அதே பாத்ரூம் உள்ள, அவன் உள்ள தாப்பா போட்டுட்டு உக்காந்திருப்பான். எட்டுப் பேரும் வெளிய நின்னு டேய் ரீசெட் அழுத்துடான்னு கத்துவோம்.

சொல்ல வந்தது என்னன்னா, உள்ள பாக்கணும்னு ஆசைன்னா அந்த ஹோமுக்கு கார்டியன் ஏஜென்சி போர்டு இருக்கான்னு கேட்டைப் பாருங்க. வியூவிங் கேட்டாலே உள்ள கூட்டிட்டுப் போவாங்க.

ஷிப்ட்டு_முடிஞ்சுது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பட்டர் பன் ப்ரோ கசப்பெல்லாம் இல்ல, கரெக்டாத்தான் சொன்னீங்க, நைசா நுழையுற ஐடியாவை விட்டுட்டேன். தேத்தண்ணி அக்கா நீங்க எழுதுனதை எங்க ஹோம்ல கூட வேலை பாக்குற மலையாளி சேச்சிக்கு வாசிச்சுக் காட்டுனேன், லேபிள் அழிஞ்ச சேர் மேட்டரைக் கேட்டுட்டு அவங்க எழுந்து போய் எங்க லவுஞ்ச்ல இருக்குற சேரை எல்லாம் கவுத்துப் பாத்துட்டு வந்தாங்க.

கல்லாப்பெட்டி அண்ணா, போர்ட்டல்ல அட்ரஸைப் போட்டேன், அள்ளிக் குடுத்துருச்சு. இடிச்சுட்டு ஃபிளாட் கட்ட அப்ளிகேஷன், அதுல ஃப்ளோர் பிளான் இருக்கு, அந்த வீடியோக்காரன் லேப்னு சொன்ன எடத்துல தெளிவா ஸ்லூஸ்னு எழுதியிருக்கு. மேல் தளத்துல முடி வெட்டுறதுக்குன்னு ஒரு தனி ரூமே இருந்திருக்கு. இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டும் படிச்சேன், கடைசி ரிப்போர்ட்ல ஸ்டாஃப் அன்பா இருக்காங்க, ஆனா போதுமான ஆள் இல்ல, பாத்ரூம் ரெண்டு ரிப்பேர்ன்னு இருக்கு. நீங்க சொன்ன வவ்வால் சர்வேயும் இருக்கு, பிப்பிஸ்ட்ரெல் வவ்வால் கூரையில இருக்குதாம், அதனால லைசென்ஸ் வர்ற வரைக்கும் இடிக்க முடியாதாம். ஆக இப்போதைக்கு அந்த ஹோம்ல சட்டப்படி குடியிருக்குறது அதுங்க மட்டும்தான்.

சர்வேல இருக்குற போட்டோ எல்லாம் கூரையையும் வெடிப்பையும் எடுத்தது, எனக்கு வேண்டியது அதுல இல்ல. கார்டியன் போர்டு ஒண்ணும் கேட்ல இல்ல. இப்ப ஓனர் அந்த ஃபிளாட் கட்டுற கம்பெனிதான். அவங்ககிட்டயே பர்மிஷன் கேட்டா குடுப்பாங்களா? என்னன்னு சொல்லிக் கேக்குறது?

துருப்பிடிச்ச_ட்ரைபாட்:

கேளு ப்ரோ, நான் கேட்டு வாங்கிப் போயிருக்கேன், பாதிப் பேர் பதிலே போட மாட்டாங்க, மீதிப் பேர் நம்ம நெனக்கிறதவிட நல்லவனுங்க. கம்பெனிக்கு எழுதாத, அப்ளிகேஷன்ல ஏஜென்ட்னு ஒரு பிளானிங் கன்சல்டன்ட் பேர் இருக்கும், அவங்க ஆபீஸுக்கு மெயில் போடு. நான் கேர் ஹோம்ல வேலை பாக்குறவன், இடிக்கிறதுக்கு முன்னாடி உள் அமைப்பை ஆவணமா எடுக்கணும், பகல்ல ஒரு மணி நேரம் போதும், உங்க ஆள் கூடவே இருக்கட்டும், போட்டோ எல்லாம் உங்களுக்கும் தர்றேன்னு எழுது. யூடியூப்ங்கற வார்த்தையே வரக் கூடாது.

அப்புறம் டைமிங் முக்கியம். இடிக்கிறதுக்கு முன்னாடி ஆஸ்பெஸ்டாஸ் சர்வே கட்டாயம், இருந்துச்சுன்னா எடுத்துட்டுத்தான் இடிக்கணும். அந்த சர்வே முடிஞ்சுடுச்சான்னு மெயில்லயே கேளு, முடிஞ்சிருந்தா எந்தெந்த ரூம் சேஃப்னு லிஸ்ட் அவங்ககிட்டயே இருக்கும், உன்னை உள்ள விடுறதுக்கும் தைரியம் வரும். ஆனா எடுக்குற வேலை ஆரம்பிச்ச அப்புறம் போனா ஒண்ணும் இருக்காது, கார்ப்பெட், சேர், ஹாய்ஸ்ட், பியானோ எல்லாம் ஸ்கிப்புக்கு (பெரிய குப்பைத் தொட்டி) போயிருக்கும். கூரைப் பக்கம் வவ்வால் இருக்குறதால மேல எட்டிப் பாக்கக் கூட கேக்காத.

ஹெல்மெட்டும் ஜாக்கெட்டும் அவங்களே குடுப்பாங்க, பூட்ஸ் மட்டும் உன் சைஸுக்கு நீயே வாங்கிட்டுப் போ. ட்ரைபாட் வேணும்னா சொல்லு, லீட்ஸ் வரைக்கும் நான் வர்றேன்.